பெரம்பலூருக்கு ரயில் தேவையா? அரியலூர் வழியாகத் திருச்சி போய்ப் பார்த்தேன்

இந்தப் பதிவில் இருப்பவை, வரிசையாக:

1. ஏன் போனேன், கையில் என்ன குறிப்புகளோடு போனேன்
2. பெரம்பலூரிலிருந்து அரியலூருக்கு பஸ்ஸில்
3. அரியலூரிலிருந்து திருச்சிக்கு ரயிலில்
4. போக நினைப்பவர்களுக்குச் சில யோசனைகள்
5. கூட்டத்தில் நான் பேசியது

பட்டியல் போடாமல் எனக்கு எழுத வராது. முப்பத்தோரு வருடம் புள்ளியியல் துறையில் வேலை பார்த்த பழக்கம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன மாதம் எங்கள் குடியிருப்போர் சங்கத்தில் ஒரு கூட்டம் அறிவித்தார்கள். பெரம்பலூருக்கு ரயில் கிடையாது. முப்பது கிலோமீட்டர் தள்ளி அரியலூரில் ஸ்டேஷன் இருக்கிறது. அங்கிருந்து இங்கே ஒரு பாதை போடச் சொல்லி மனு கொடுப்பதா, அதை விட்டுவிட்டுக் கூடுதல் பஸ் கேட்பதா என்று விவாதம். வேண்டும் என்று பேசப் பதினோரு பேர் பெயர் கொடுத்தார்கள். வேண்டாம் என்று பேச ஆளில்லை. செயலாளர் என்னைப் பார்த்தார். எனக்கு மறுத்துச் சொல்லத் தெரியாது, ஒப்புக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து யோசித்தபோது, வேண்டாம் என்ற பக்கத்திலும் நியாயம் இருப்பதாகத்தான் பட்டது. நான்கு குறிப்புகள் எழுதினேன். ஒன்று, நேரம்: திருச்சிக்கு இங்கிருந்து அடிக்கடி பஸ் இருக்கிறது, ஒன்றேகால் மணி நேரத்தில் போய்விடலாம். ரயில் அதை மிச்சப்படுத்தாது. இரண்டு, நிலம்: பாதை போனால் பருத்தியும் மக்காச்சோளமும் விளையும் சின்னச் சின்னக் காடுகள் துண்டாகும். மூன்று, ஆட்கள்: ரயிலுக்காக இங்கிருந்து அரியலூர் போகிறவர்கள் மிகக் குறைவு. நான்கு, செலவு: அதே பணத்தில் நிறைய பஸ் வாங்கலாம். எவ்வளவு பணம் என்று நான் எழுதவில்லை. ஒவ்வொருவரும் ஒரு தொகை சொல்கிறார்கள், எதற்கும் ஆதாரம் என் கையில் இல்லை.

மூன்றாவது குறிப்பை மட்டும் நேரில் எண்ணிப் பார்த்துவிடலாம் என்று தோன்றியது. எண்ணுவது ஒன்றுதான் எனக்குத் தெரிந்த வேலை. ஒரு செவ்வாய்க்கிழமை கிளம்பினேன்.

பெரம்பலூர் புது பஸ் நிலையத்தில் காலை 6:50க்கு அரியலூர் பஸ். டிக்கெட் 24 ரூபாய். ஏறியவுடன் எண்ண ஆரம்பித்தேன். என்னைச் சேர்க்காமல் ஐம்பத்தொரு பேர். நோட்டில் குறித்துக்கொண்டிருந்ததைக் கண்டக்டர் பார்த்துவிட்டார்.

“என்னங்கய்யா தலைய எண்ணுறீங்க, செக்கிங்கா?”

சொந்த விஷயம் என்றேன். “சொந்த விஷயத்துக்கு அம்பத்தோரு பேரா?” என்று சிரித்தார். ஆனால் அதற்கப்புறம் ஒவ்வொரு டிக்கெட்டையும் என் கண்ணில் படுகிற மாதிரி கிழித்துக் கொடுத்தார். நான் செக்கிங் ஆள் என்றுதான் அவர் கடைசிவரை நினைத்திருக்க வேண்டும்.

பக்கத்தில் இருந்தவருக்கு, வழியில் வரும் பேரளிக்குக் கிட்டத்தில் நிலம். பாதை வந்தால் தன் காட்டு வழியாகத்தான் வரும் என்று அவருக்கு ஒரு பயம். எந்த வழி என்று யாருக்கும் இன்னும் தெரியாது என்று சொல்லிப் பார்த்தேன். அவர் கேட்கவில்லை. “நெலத்துக்கு ரூவா குடுப்பான். கெணத்துக்கும் மதிப்புப் போட்டுக் குடுப்பான். மறுபடி தோண்டுனா தண்ணி வரும்னு எவன் எழுதிக் குடுப்பான்?” என்றார். என் இரண்டாவது குறிப்புக்கு இதைவிட நல்ல வரி கிடைக்காது. அப்படியே எழுதிக்கொண்டேன். அவர் பேரளியில் இறங்கினார்.

பேரளி தாண்டியதும் சுண்ணாம்புக்கல் லாரிகள் வரிசையாக வந்தன. பஸ் மெதுவாக ஊர்ந்தது. அப்போது நடு சீட்டிலிருந்து ஒரு அம்மா எழுந்து, “அண்ணே, செத்த நிறுத்துங்கண்ணே, இவுரு எறங்கணும்” என்று குரல் கொடுத்தார். டிரைவர் ஓரங்கட்டினார். அறுபத்தைந்து வயது மதிக்கத்தக்க மனிதர் கம்பியைப் பிடித்துக்கொண்டு இறங்கிப் புதர்ப் பக்கம் போனார்.

பின்னாலிருந்து ஒரு குரல்: “அரியலூர் இன்னும் அரை மணி நேரம். அதுக்குள்ள என்னவாம்?” இன்னொருவர், “வூட்லயே முடிச்சிட்டுல்ல ஏறணும்” என்றார். சிலர் சிரித்தார்கள். அந்த மனிதர் திரும்பி ஏறும்போதும் சிரிப்பு அடங்கவில்லை. நான் நோட்டில் எழுதினேன்: “7:22 முதல் 7:26. காரணம்: பயணி ஒருவர். தாமதம் 4 நிமிடம்.”

உண்மையைச் சொன்னால் நானும் இறங்கியிருக்க வேண்டும். முந்தின நாள் மாலை ஆறு மணிக்கு மேல் நான் தண்ணீர் குடிக்கவில்லை. பஸ் பயணம் என்றால் என் வயதில் பலர் இங்கே அப்படித்தான் செய்கிறோம். யாரும் யாரிடமும் சொல்லிக்கொள்வதில்லை. அப்படியும் தாங்கவில்லை. ஆனால் அந்தச் சிரிப்பைக் கேட்ட பிறகு எழுந்திருக்க முடியவில்லை.

7:58க்கு அரியலூர். பஸ் நிலையத்துக் கட்டணக் கழிப்பறைக்கு ஐந்து ரூபாய். வெளியே வந்து ஆட்டோக்கள் நிற்கும் இடத்தில் நின்று கவனித்தேன். எங்கள் பஸ்ஸிலிருந்து ஸ்டேஷனுக்கு ஆட்டோ கேட்டவர்கள் மூன்று பேர்தான். முதுகில் பை மாட்டிய ஒரு இளைஞர், பிறகு அந்த அம்மாவும் அவர் கணவரும். ஐம்பத்தொன்றில் மூன்று. என் குறிப்பு சரி என்று சந்தோஷப்பட்டேன். அதே ஷேர் ஆட்டோவில் இருபது ரூபாய் கொடுத்து நானும் ஏறினேன்.

திருச்சிக்கு முன்பதிவில்லாத டிக்கெட் 45 ரூபாய். ரயில் 8:50க்கு வந்தது. பெட்டியில் அந்தத் தம்பதிக்கு எதிரே எனக்கு இடம் கிடைத்தது. கணவர் கழிப்பறைக்குப் பக்கத்து சீட்டாகப் பார்த்து உட்கார்ந்தார். அடிக்கடி எழுந்து போய் வந்தார்.

என் கணக்கில் இவர்கள்தான் பொருந்தவில்லை. பெரம்பலூர்க்காரர்கள், திருச்சிக்குப் போகிறார்கள். நேர் பஸ் இருக்கும்போது எதற்கு அரியலூர் வழியாகச் சுற்றி, மூன்று மணி நேரம்? தயங்கித் தயங்கிக் கேட்டுவிட்டேன்.

அந்த அம்மாவின் பெயர் மல்லிகா. கணவர் எறையூர் சர்க்கரை ஆலையில் கரும்பு எடை போடும் இடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மூத்திரப்பையில் கட்டி இருந்து எடுத்திருக்கிறார்கள். இப்போது திருச்சி ஆஸ்பத்திரியில் வாரம் ஒரு தடவை பைக்குள் மருந்து ஏற்றுகிறார்கள். மொத்தம் ஆறு வாரம், அன்று மூன்றாவது வாரம். நடுவில் நிறுத்தக்கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார்.

“மொத வாரம் திருச்சி பஸ்லதான் போனோம்ங்க. பைபாஸ்ல நிறுத்த முடியாதுன்னுட்டாங்க. சமயபுரம் வர்றதுக்குள்ள வேட்டி நனஞ்சிருச்சி. அப்படியே ஆஸ்பத்திரிக்குப் போனாரு. அதான் இப்படிச் சுத்திப் போறோம். ரயில்ல கக்கூஸ் இருக்குல்ல.” பிறகு குரலைத் தாழ்த்தினார். “இந்தப் பக்கம் பஸ்ல கேட்டா நிறுத்துறாங்க. ஆனா இன்னிக்கிப் பேசுனத இவுரு கேட்டுட்டாரு. அடுத்த வாரம் வர மாட்டேங்கிறாரு.”

கணவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். “போதும். வந்தது வரட்டும்” என்றார்.

ஆறுதல் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. கடைசியில், யாரிடமும் சொல்லாததை அவரிடம் சொன்னேன். எனக்கும் அடக்க முடியாத அதே தொல்லைதான், மருந்து சாப்பிடுகிறேன், காலையில் அதே பஸ்ஸில் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன் என்றேன்.

அவர் முதல் தடவையாக என் பக்கம் திரும்பினார். “அப்ப நீங்களும் எறங்கியிருக்க வேண்டியதுதானே?”

“தைரியம் வரலைங்க.”

“எனக்கு மட்டும் வந்துச்சா? இவதான் கத்துனா.”

“ஆமா, கத்தறதுக்குன்னே என்னையக் கட்டிக்கிட்டாரு” என்றார் மல்லிகா அம்மா. அவர் சிரித்துவிட்டார். கொஞ்ச நேரம் கழித்து, “ரெண்டு பேரா எறங்குனா ஒருத்தனும் பேச மாட்டான்” என்றார், தனக்குத்தானே சொல்லிக்கொள்வது போல.

9:55க்குத் திருச்சி. ஆஸ்பத்திரி வாசல் வரை அவர்களோடு போனேன். நான் 2:10 பஸ்ஸில் 48 ரூபாய் கொடுத்து 3:25க்குப் பெரம்பலூர் வந்து சேர்ந்தேன். போகும்போது மூன்று மணி ஐந்து நிமிடம், வரும்போது ஒன்றேகால் மணி. நோட்டின்படி என் முதல் குறிப்பும் சரி.

அடுத்த செவ்வாயும் 6:50 பஸ்ஸில் ஏறினேன். எண்ணவில்லை. மல்லிகா அம்மா இரண்டு சீட் முன்னால் இருந்தார், பக்கத்தில் அவர் கணவர். வந்திருந்தார். பேரளி தாண்டியதும் நான் எழுந்து நிறுத்தச் சொன்னேன். குரல் வெளியே வரவில்லை. இரண்டாவது தடவை வந்தது. “செக்கிங் சார் எறங்குறாரு, எல்லாரும் பொறுங்க” என்றார் கண்டக்டர். நாங்கள் இரண்டு பேரும் இறங்கினோம். திரும்பிப் பார்த்தால் முன் சீட்டிலிருந்து சட்டையை மடித்துவிட்ட ஒரு நடுத்தர வயதுக்காரரும் பின்னாலேயே இறங்கி வந்துகொண்டிருந்தார். யாராவது ஏதாவது சொன்னார்களா, தெரியாது. லாரிச் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை. மல்லிகா அம்மாவின் கணவரும் கேட்டதாகச் சொல்லவில்லை. இப்போது ஆறு வாரத்தையும் முடித்துவிட்டார்.

இந்த வழியாகப் போக நினைப்பவர்களுக்கு: ரயில் நேரம் மாறும், முந்தின நாளே பார்த்துக்கொள்ளுங்கள். பஸ்ஸுக்கும் ரயிலுக்கும் இடையில் ஐம்பது நிமிடமாவது வைத்துக்கொள்ளுங்கள், லாரிகள் உங்கள் கணக்கைக் கெடுக்கும். அரியலூர் பஸ் நிலையத்திலிருந்து ஸ்டேஷனுக்கு நடக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். பையும் வயதும் இருந்தால் வேண்டாம். தண்ணீர் குடியுங்கள். நிறுத்த வேண்டுமென்றால் கேளுங்கள், இந்தத் தடத்தில் நான் போன இரண்டு தடவையும் நிறுத்தினார்கள்.

கூட்டம் அந்த இரண்டாவது செவ்வாய்க்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை நடந்தது. பதினோரு பேர் பேசி முடித்த பிறகு என்னைக் கூப்பிட்டார்கள். தாளை மேஜைமேல் வைத்துப் படித்தேன். நேரம் பற்றிச் சொன்னேன். பேரளிக்காரரின் கிணற்றைப் பற்றிச் சொன்னேன். பஸ் வாங்குவது பற்றியும் சொன்னேன். ரயில் வேண்டும் என்பவர்கள் அந்தக் கிணற்றுக்கு ஒரு பதில் வைத்திருக்க வேண்டும் என்று இப்போதும் நினைக்கிறேன்.

ஆனால் மூன்றாவது குறிப்பை அங்கே படிக்க முடியவில்லை. ஐம்பத்தொன்றில் மூன்று பேர் என்பது சரியான எண்ணிக்கைதான், இரண்டு தடவை சரிபார்த்தேன். பஸ்ஸில் ஏறியவர்களை மட்டுமே எண்ணினேன் என்பதுதான் பிழை. ஏற முடியாமல் வீட்டில் இருப்பவர்கள் எந்த பஸ்ஸிலும் எண்ணிக்கைக்குக் கிடைக்க மாட்டார்கள். என் துறையில் புதிதாகச் சேர்ந்தவர்கூட இந்தத் தவறைச் செய்யக் கூடாது. சென்னையில் இருக்கும் என் தங்கையைப் பார்க்க நான்கு வருடமாக நான் போகவில்லை. முழங்கால் வலி என்று அவளிடம் சொல்லிவைத்திருக்கிறேன். முழங்காலில் ஒன்றுமில்லை. பஸ்ஸில் அவ்வளவு நேரம் அடக்க முடியாது, அதுதான் காரணம். ரயிலுக்கு ஆள் குறைவு என்று எழுதியபோது நான் என்னையே எண்ணாமல் விட்டிருக்கிறேன். மூன்றாவது குறிப்பு தவறு.