மல்லாட்டை ஆகாத பிள்ளை

நிலக்கடலை என்பது புத்தகத்தில் எழுதுகிற பெயர். செஞ்சிப் பக்கத்தில் எங்களுக்கு அது மல்லாட்டைதான். அறுபதுகளில் எங்கள் வீட்டில் அது இல்லாத மூலையே கிடையாது. வல்லம் போகிற சாலையில் மானாவாரி நிலம்; மழை வந்தால் மல்லாட்டை, வராவிட்டால் வாயில் மண். வாசலில் காயும், நடையில் மூட்டையாகக் கிடக்கும், அடுப்பில் எண்ணெயாகக் காயும், மாட்டுத் தொட்டியில் பிண்ணாக்காக ஊறும். நான் கல்யாணமாகி வந்த புதிதில் என் புடவை, தலைமயிர் எல்லாவற்றிலும் அந்த வாசனைதான். அப்படிப்பட்ட வீட்டில் எனக்குப் பிறந்த ஒரே பெண்ணுக்கு மல்லாட்டை ஆகவில்லை.

முதல் தடவை, காய் பிடுங்குகிற சமயம். என் வீட்டுக்காரரின் அக்கா, வாழப் போன இடம் சரியில்லையென்று எங்களோடேயே இருந்தவர், அவித்த மல்லாட்டைப் பருப்பு ஒன்றைப் பிள்ளை வாயில் போட்டார். கொஞ்ச நேரத்தில் உதடு தடித்து, கண் மூடிக்கொண்டு, உடம்பெல்லாம் திட்டுத்திட்டாகச் சிவந்துவிட்டது. காத்துக் கருப்பு என்றார்கள். வேப்பிலை அடித்தார்கள். எப்படியோ இறங்கியது. இரண்டாம் தடவை இட்லிக்கு அரைத்த சட்னியில். அன்றைக்கு மூச்சு விசிலடித்தது. நான் யாரையும் கேட்கவில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஊருக்குள் இருந்த டாக்டரிடம் ஓடினேன்.

அவர் ஊசி போட்டார். மூச்சு சீராகிறவரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். இரண்டு தடவையும் என்ன சாப்பிட்டாள் என்று ஒன்று விடாமல் கேட்டுக்கொண்டு, "மல்லாட்டையை இவ கண்ணுல கூட காட்டாதம்மா. எண்ணெய், சட்னி, உருண்டை, எதுவும் வேணாம். அடுத்த தடவை எங்கிட்ட கொண்டாந்து சேக்க நேரம் இருக்குமான்னு சொல்ல முடியாது" என்றார்.

வீட்டில் வந்து சொன்னால் சிரிக்கிறார்கள்!

"மல்லாட்ட வித்துதான் துணி எடுக்கிறோம், மல்லாட்ட வித்துதான் சோறு துன்றோம். இந்த வூட்டுப் பொண்ணுக்கு மல்லாட்ட ஆவாதாமா? வெளிய சொல்லாத, மானம் போவுது" என்றார் நாத்தனார்.

என் வீட்டுக்காரர் அதற்கும் மேலே. "கொஞ்சம் கொஞ்சமா குடுத்தா பழகிடும். மாட்டுக்குப் புதுத் தீவனம் பழக்கல?"

எனக்கு வந்ததே கோபம். "உங்க மாட்டுக்கு நீங்க பழக்குங்க. என் பொண்ணு வாயில எவ கை வெச்சாலும் அந்தக் கைய ஒடைச்சிடுவேன்" என்று கத்தினேன். தெருவே கேட்டது. கேட்கட்டும். அன்றைக்கே தோட்டத்துப் பக்கம் தனி அடுப்பு போட்டேன். தனிச் சட்டி, தனிக் கரண்டி. அவள் தட்டை யாரும் தொடக்கூடாது. ராங்கி பிடித்தவள் என்று எனக்குப் பேர் வந்தது. வந்துவிட்டுப் போகட்டும்.

மல்லாட்டை இல்லாமல் சமைப்பது மற்ற ஊரில் ஒரு விஷயமே இல்லை. எங்கள் ஊரில் அது ஒரு யுத்தம். சட்னிக்குப் பொட்டுக்கடலை. தேங்காய் கிடைத்த அன்றைக்குத் தேங்காய். சோற்றில் பிசைந்து கொடுக்கக் கொள்ளு வறுத்துத் துவையல். பரங்கி விதையைச் சாம்பலில் புரட்டிக் காயவைத்து, நகத்தால் தோலுரித்து, வறுத்துக் கொடுப்பேன்; ஒரு பிடி சேருவதற்குள் விரல் நுனி எரியும். தெருப் பிள்ளைகள் மல்லாட்டை உருண்டையைக் கடித்துக்கொண்டு நிற்கும்போது இவள் வாய் பார்க்கக்கூடாது என்று, எள்ளை வறுத்து வெல்லம் போட்டு இடித்து உருண்டை பிடித்தேன். அவளுக்கு அதுதான் உயிர். "கருப்பு மல்லாட்ட" என்று அதற்குப் பேர் வைத்துவிட்டாள் கழுதை. யாராவது வேறு எதையாவது நீட்டினால் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, "எனக்கு ஆவாதுங்க" என்று பெரிய மனுஷி மாதிரி சொல்வாள். கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். நான் அவளை இழுத்துக்கொண்டு நடப்பேன்.

எண்ணெய்தான் பெரும்பாடு. கடையில் நல்லெண்ணெய் என்று கேட்டு வாங்கித் தாளித்தேன். அன்றைக்கு அவள் உதடு லேசாக வீங்கியது. என்ன கலந்திருந்ததோ. வீங்கியதை என் வீட்டுக்காரர் கண்ணால் பார்த்தார். அவருக்கு அப்போதுதான் உறைத்தது. அதற்குப் பிறகு பழக்கிவிடலாம் என்ற பேச்சே இல்லை. தொண்டூரில் ஒரு சமண வீட்டில் நல்ல எள் இருக்கிறதென்று கேள்விப்பட்டு, தானே போய் மூட்டை கட்டி வந்தார். "செக்குல நானே நின்னு ஆட்டியாறேன். கடைச் சரக்கே வேணாம்" என்றார். பிள்ளை தானும் வருவேன் என்றாள். தோளில் ஏற்றிக்கொண்டு போனார். மனசு நிறைந்து நின்றேன். இனிமேல் இவளுக்கு நான் ஒருத்தி மட்டும் காவல் இல்லை என்று நினைத்தேன்.

வெயில் உச்சிக்கு வருவதற்குள் செக்கிலிருந்து ஆள் ஓடிவந்தான். நான் போய்ச் சேர்ந்தபோது டாக்டர் வீட்டு வராந்தா பெஞ்சில் அவளைக் கிடத்தியிருந்தார்கள். முகம் வீங்கி என் பிள்ளை என்றே தெரியவில்லை. பாவாடையைப் பார்த்துத்தான் தெரிந்தது. வழியிலேயே முடிந்துவிட்டது. டாக்டர், "மல்லாட்டை ஏதாவது தின்னாளா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். "சத்தியமா இல்லிங்க, எள்ளுதாங்க. என் கண்ணு முன்னால" என்று என் வீட்டுக்காரர் தலையில் அடித்துக்கொண்டார்.

அடக்கம் முடிந்து வீட்டில் கூடியிருந்தபோது நாத்தனார் ஆரம்பித்தார். "எள்ளு செத்தவங்களுக்கு எறைக்கிறது. அத்தத் தெனம் உருட்டி உருட்டிக் குடுத்தா வேற இன்னா ஆவும்? நம்ம வூட்டு மல்லாட்ட கெட்டதாம், எள்ளு நல்லதாம்!" உறவுக்காரப் பெண்கள் ஆமாம் என்று தலையை ஆட்டினார்கள். பாவிகள். அந்த இடத்திலேயே நாத்தனார் கொண்டையைப் பிடித்து இழுத்திருப்பேன். எழுந்து நிற்கத்தான் தெம்பில்லை.

அப்போது என் வீட்டுக்காரர், வந்தவர்களிடம் நடந்ததை முதலிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார். அவளுக்கு எள்ளைத் தவிர எதுவும் கொடுக்கவில்லை என்று யாராவது நம்ப வேண்டும் அவருக்கு. "காலைலேந்து மல்லாட்ட ஆட்டியிருந்தாங்க. நான் விடல. சுத்தம் பண்ணாதான் என் எள்ளப் போடுவேன்னுட்டேன். செக்குக்காரரு வைக்கோலால தொடச்சாரு. அப்பறம் நம்ம எள்ளுல ஒரு கை போட்டு, வெல்லத்தத் தட்டிப் போட்டு ஓட்டி, செக்கத் துப்புரவா எடுத்தாரு. அதுக்கப்பறம்தான் மீதி எள்ளு. மொதப் பிண்ணாக்கு எள்ளுக்காரன் புள்ளைக்குன்னு வழக்கம் இல்லியா, அத்த உருட்டிக் கையில குடுத்தாரு. அவ கேட்டா. நைனா, இது எனக்கு ஆவுமான்னு கேட்டா. ஆவும்டி கண்ணு, உன் கருப்பு மல்லாட்டதான், துன்னுன்னு நான்தான் ஊட்டுனேன்."

மரச் செக்கைத் தண்ணீர் விட்டுக் கழுவ முடியாது. புதுத் தானியம் ஒரு கை போட்டு ஓட்டினால், குழியில் ஒட்டியிருக்கிற பழையதையெல்லாம் அது திரட்டிக்கொண்டு வந்துவிடும். அப்படித்தான் காலங்காலமாகச் செய்கிறார்கள். அப்படி வருகிற முதல் பிண்ணாக்கில் வெல்லம் சேர்ந்திருப்பதால், எறிய மனசு வராமல் பிள்ளைகள் கையில் கொடுத்துவிடுவார்கள். காலையெல்லாம் ஆடியதில் ஒட்டியிருந்த மல்லாட்டை முழுவதும் அந்த ஒரு உருண்டையில்தான் திரண்டு வந்திருந்தது. அவர் சொல்லச் சொல்ல எனக்கு விளங்கிவிட்டது. சொல்கிறவருக்கு விளங்கவில்லை.

காரியம் முடிந்து சில நாள் போனது. ஒரு மத்தியானம் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்த என் வீட்டுக்காரர் அப்படியே நிறுத்திவிட்டார். கையைப் பார்த்தார்.

"ஏம்மே, அந்த மொதப் பிண்ணாக்குல... பழைய மல்லாட்ட ஏதாவது இருந்திருக்குமா?"

நாத்தனாரும் அங்கேதான் முறத்தோடு உட்கார்ந்திருந்தார். அவர் முகத்தில் அறைகிற மாதிரி, ஆமாம், மல்லாட்டைதான் என்று கத்த எனக்கு நெஞ்சு துடித்தது. அத்தனை நாள் பட்ட பேச்சுக்கெல்லாம் அந்த ஒரு சொல் போதும். ஆனால் இவர் முகத்தைப் பார்த்தேன். சோறு ஒட்டிய கையை ஏந்திக்கொண்டு, நான் என்ன சொல்லப் போகிறேன் என்று உட்கார்ந்திருந்தார்.

"இல்லிங்க. அதான் சுத்தமா தொடச்சாங்கன்னு சொன்னீங்களே. எள்ளுதான் அவளுக்கு ஆவல. நான்தான் தெரியாம குடுத்துனு இருந்துட்டேன்."

"நான் அப்பவே சொன்னேன்" என்றார் நாத்தனார்.

என் வீட்டுக்காரர் நம்பிவிட்டார். அதற்குப் பிறகு கடைசிவரை என் முகம் பார்த்து நல்லபடியாக ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கு அதில் ஆத்திரம் இல்லை என்று சொன்னால் பொய். அழுதிருக்கிறேன், பாத்திரத்தைப் போட்டு உடைத்திருக்கிறேன், உண்மை நாக்கு நுனிவரை வந்தும் இருக்கிறது. ஆனால் அவளுக்கு ஊட்டிய அந்தக் கையால்தானே அவர் தினமும் சோறு தின்றாக வேண்டும்.