ஜன்னல் பக்கத்துச் சாக்ஸபோன்

திண்டிவனத்தில் காலை ரயில் ஏறி விழுப்புரத்தில் இறங்குவதற்குள் நானும் அக்காவும் போடாத சண்டை இல்லை. அதில் பாதி சாக்ஸபோனைப் பற்றியது. இதைச் சொன்னால் என் வீட்டுக்காரர் இன்றைக்கும் நம்ப மாட்டார். லேடீஸ் பெட்டியில் இரண்டு பெண்கள் உட்கார்ந்தால் சீட்டுக் கட்டுவதைப் பற்றிப் பேசுவார்கள், மாமியாரைப் பற்றிப் பேசுவார்கள், வெளிநாட்டு ராக் பாட்டில் குழல் ஊதலாமா கூடாதா என்று எவளாவது மல்லுக்கு நிற்பாளா என்பார். நாங்கள் நின்றோம். ஏழெட்டு வருஷமாக நின்றோம்.

அக்கா என்றால் கூடப் பிறந்தவர் இல்லை. ரயில் கொடுத்த அக்கா. விழுப்புரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். நான் அதே ஊரில் பத்திரம் எழுதும் கடையில் டைப் அடிக்கிறேன். ஒரு நாள் கூட்டத்தில் அவரை இடித்துக்கொண்டு உட்கார்ந்தபோது, அவர் காதிலிருந்து கசிந்த டிரம்ஸ் சத்தம் எனக்குத் தெரிந்த சத்தமாக இருந்தது. பாண்டிச்சேரியில் ஹாஸ்டலில் தங்கிப் படித்த காலத்தில் அறைத்தோழி ஒருத்தி என்னைக் கெடுத்து வைத்திருந்தாள். கிடார் சத்தம் கேட்டால் எனக்குச் சோறு வேண்டாம். "அக்கா, இது ராக்குதானே?" என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு ஒரு காதில் இருந்ததைக் கழற்றி என்னிடம் நீட்டினார். அன்றிலிருந்து எங்களுக்கு ஒரே இயர்போன்.

அக்காவின் போனில் இருந்த பாட்டுகள் வேறு யாரிடமும் கிடைக்காதவை. அவருடைய அப்பா பாண்டிச்சேரியில் வீடுகளுக்குப் பெயின்ட் அடித்தவர். அவர் வேலை பார்த்த வீட்டுக்காரர்கள் குடும்பத்தோடு பிரான்ஸுக்குக் கிளம்பியபோது, ஒரு பெட்டி நிறைய இசைத்தட்டுகளையும், ஒரே ஒரு ஸ்பீக்கர் உள்ள பழைய பிளேயரையும் அவரிடம் கொடுத்துவிட்டுப் போனார்கள். அதுவரை மாதா பாட்டைத் தவிர வேறு பாட்டு ஒலிக்காத வீடு அது. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வந்து, கறிக்குழம்பு கொதிக்கிற நேரத்தில் வெள்ளைக்காரர்கள் கத்த ஆரம்பித்தார்கள். வார்த்தை ஒன்றும் புரியாமலே அக்கா அதில் வளர்ந்தார். பிளேயர் பழுதான பிறகு அக்காவின் மகன் தட்டுகளைச் சென்னைக்கு எடுத்துப்போய், போனில் கேட்கிற மாதிரி மாற்றிக்கொண்டு வந்தான். அவன் இப்போது வெளிநாட்டில் வேலை பார்க்கிறான்.

ரயிலில் ஜன்னல் அக்காவுக்கு. அது சட்டம். காலை வெயில் முகத்தில் அடித்தாலும் ஷட்டரை இறக்க விட மாட்டார். நான் எப்போதும் அவருக்கு வலது பக்கம். ஒயர் எட்டாது என்பதால் பக்கத்துப் பக்கத்துக் காதில்தான் மாட்டிக்கொள்ள முடியும். அவருடைய வலது காது, என்னுடைய இடது காது. மலிவான இயர்போன் வேறு. வலது காதுக்கென்று செய்தது வலதில்தான் நிற்கும், இடதில் வைத்தால் நழுவி மடியில் விழும்.

சண்டைக்கெல்லாம் ராஜா ஒரு பாட்டு. அந்த இசைத்தட்டின் அட்டை நனைந்து பேர் அழிந்துபோயிருந்தது. ஆரம்பத்தில் மழை பெய்கிற சத்தம் வரும் என்பதால் நாங்கள் வைத்த பேர் மழைப் பாட்டு. இரண்டாவது சரணம் முடியும் இடத்தில் அக்கா என் தொடையில் தட்டுவார்.

"இப்ப வரும் பாரு. வந்துட்டான்! எப்படி அழுவுறான் பாத்தியா அந்த சாக்ஸபோன்காரன்?"

"எங்கக்கா அழுவுறான்? எனக்கு எங்கயோ பக்கத்து ஊர்ல ஊதிக்கினு இருக்கற மாதிரி இருக்குது. கிடாரக் கேளுங்க. வெரலு எப்படிப் போவுது!"

"கிடாரா? அது ஏதோ ஓரத்துல சொறிஞ்சிக்கினு கெடக்குது. அதப் போயி பெருசா பேச வந்துட்டா."

உண்மையில் நான் சாக்ஸபோனுக்கு எதிரி. எங்கள் பக்கம் எந்தக் கல்யாண ரிசப்ஷனுக்குப் போனாலும், மேடையோரம் பளபளவென்று கோட்டுப் போட்டுக்கொண்டு ஒருவர் சினிமாப் பாட்டைச் சாக்ஸபோனில் ஊதிக்கொண்டிருப்பார். நாம் பந்தியில் உட்கார்ந்து பாயசத்துக்குக் காத்திருப்போம். அந்தச் சத்தம் கேட்டாலே எனக்குப் பாயசம்தான் ஞாபகம் வரும். "ராக்குல சாக்ஸபோன வெக்கறது கேப்பைக் கூழுல கேசரியக் கலக்கற மாதிரிக்கா" என்பேன்.

"அடிப்பாவி, அது கல்யாண சாக்ஸபோன்டி. எங்கூர்ல சாவுக்கு பேண்டு செட்டு வரும், கேட்டிருக்கியா? கல்லறை வரைக்கும் ஊதிக்கினே வருவான். நம்ம வாயால அழ முடியாதத அது அழுவும். இந்த ராக்குக்காரன் அதத் தெரிஞ்சுதான் வெச்சிருக்கான்."

அவர் சொல்வதை நான் பாதிதான் நம்பினேன். டீச்சர் ஆயிற்றே, எதையும் நாலு மடங்காக்கிச் சொல்லிப் பழக்கம் என்று நினைத்துக்கொள்வேன். ஆனால் பாடுகிறவர் குரலைப் பற்றியோ டிரம்ஸைப் பற்றியோ எங்களுக்குள் ஒரு நாளும் சண்டை வந்ததில்லை. அது ஏன் என்று இரண்டு பேருமே யோசித்ததில்லை.

போன ஐப்பசியில் ஒரு நாள் காலை எழுந்தபோது அக்காவுக்கு வலது காது கேட்கவில்லை. சளி அடைப்பு என்று ஆவி பிடித்துப் பார்த்திருக்கிறார். டாக்டர் அது நரம்பு விஷயம் என்றார். ஊசி, மாத்திரை எல்லாம் ஆயிற்று. திரும்பி வரலாம், வராமலும் போகலாம் என்றார்கள். வரவில்லை. இடது காது நன்றாக இருக்கிறது என்று சோதித்துச் சொல்லியும் அக்காவுக்கு நம்பிக்கை பிறக்கவில்லை. "ஒண்ணு சொல்லாம கொள்ளாம போச்சு. இன்னொண்ணு மட்டும் சொல்லிட்டா போவும்?" என்று போனில் என்னிடம் கேட்டார்.

லீவு முடிந்து தை மாதம் மறுபடி ரயிலுக்கு வந்தார். வழக்கம்போல ஜன்னலில் உட்கார்ந்தார். வழக்கம்போல நான் வலது பக்கம் உட்கார்ந்து வீட்டுக்கதை எல்லாம் சொல்லிக்கொண்டே வந்தேன். ஒன்றும் அவர் காதில் விழவில்லை என்பது மயிலம் தாண்டித்தான் எனக்கு உறைத்தது. வகுப்பிலும் அதே கதையாம். வலது வரிசைப் பிள்ளைகள் கூப்பிட்டால் தெரிவதில்லை, இவர் பாட்டுக்கு போர்டில் எழுதிக்கொண்டே இருக்க, பிள்ளைகள் சிரித்திருக்கிறார்கள். அதைச் சொல்லும்போது அவரும் சிரித்தார். அந்தச் சிரிப்பை என்னால் பார்க்க முடியவில்லை.

"பாட்டு கேக்கலாமாக்கா?" என்று அவருடைய இடது காதுப் பக்கம் எட்டிக் கேட்டேன்.

"வேணாம்டி. பாதிக் காதுல என்னாத்த கேக்கறது? நீ பாட்டெல்லாத்தையும் உன் போன்ல ஏத்திக்கோ. தட்டுங்களும் உனக்குத்தான். வந்து எடுத்துக்கினு போ."

நான் பத்திரம் அடிக்கிறவள். கையில் இருப்பதை எழுதிக் கொடுத்துவிட்டு எழுந்து போகிறவர்களின் முகத்தைத் தினமும் பார்க்கிறவள். அக்காவின் முகம் அப்படித்தான் இருந்தது. பாட்டை விட்டால் இந்த மனுஷி மெல்ல மெல்ல எல்லாவற்றையும் விட்டுவிடுவார் என்று எனக்குப் பயமாகிவிட்டது.

அமாவாசைக்கு மேல்மலையனூர் போனபோது அக்காவின் காதுக்காக அம்மனிடம் வேண்டிக்கொண்டு வந்தேன். சொன்னதும் சிரித்தார். "மாதாகிட்ட ஏற்கெனவே கேட்டாச்சு. அங்காளம்மாவும் ஒரு பக்கம் பாத்துக்கினா வேணாம்னா சொல்லப் போறேன்?" சிரித்தாரே தவிர இயர்போனைத் தொடவில்லை. அது அவர் பையின் அடியில் சிக்கலாகிக் கிடந்தது.

மாசியில் ஒரு நாள் நான் முன்னாடியே ஏறி ஜன்னலில் உட்கார்ந்துகொண்டேன். அக்கா வந்து பார்த்தார்.

"எழுந்திரு."

"மாட்டேன். இன்னிலேர்ந்து சன்னலு எனக்கு. நீங்க இந்தப் பக்கம் உக்காருங்க."

"என்னாடி திமிரு?" என்றபடி என் வலது பக்கம் உட்கார்ந்தார். நான் சாதாரணக் குரலில், "இப்ப நான் பேசறது கேக்குதாக்கா?" என்றேன். அவருடைய நல்ல காது என் பக்கம் இருந்தது. அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, "உன்கூட பேஜாரா போச்சுடி" என்று பையைத் துழாவி இயர்போனை எடுத்தார். சிக்கெடுத்து முடிப்பதற்குள் மயிலம் போய்விட்டது. அவர் இடது காதில் ஒன்று, என் வலது காதில் ஒன்று. மழைப் பாட்டைப் போட்டார்.

மழை பெய்தது. அந்த மனிதர் பாடினார். என்னமோ குறைகிற மாதிரி எனக்குப் பட்டது, என்னவென்று தெரியவில்லை. இரண்டாவது சரணம் முடிந்தது. அப்போது யாரோ என் காதோரம் மூச்சை இழுத்தார். சத்தியமாக மூச்சு இழுத்தது கேட்டது. அதற்குப் பிறகு சாக்ஸபோன் வந்தது.

அதில் பாயசம் இல்லை. பந்தி இல்லை. அழக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிற ஆள் கடைசியில் முடியாமல் வாயைத் திறந்தால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது. இத்தனை வருஷ சண்டையில் நான் ஒரே நிமிஷத்தில் தோற்றுப்போனேன். தோற்றது அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. "அக்கா, நீங்க சொன்னது சரி" என்று சொல்லத்தான் திரும்பினேன்.

அக்கா இயர்போனை விரலால் காதுக்குள் அழுத்திப் பிடித்திருந்தார். கண்ணில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. என்னைப் போலவே அவருக்கும் பாட்டில் மனசு கரைந்துவிட்டது என்று நினைத்தேன்.

"வரலடி" என்றார்.

"என்னாக்கா வரல?"

"சாக்ஸபோன் வரல. அந்த எடம் வந்துச்சு, போயிடுச்சு. எங்கயோ தூரத்துல ஈனமா கேக்குது. கிடாரு மட்டும் கணீர்னு கேக்குது." என் கையைப் பிடித்துக்கொண்டார். "இந்தக் காதும் போவுதுடி."

அவர் கை சில்லென்று இருந்தது. ஒரு காது போனவருக்கு நான்தான் பிடிவாதமாகப் பாட்டைப் போடவைத்து, இன்னொரு காதும் போவதைக் காட்டிக் கொடுத்துவிட்டேனா? பேரணி ஸ்டேஷனில் ரயில் நின்றது. ஜனங்கள் ஏறினார்கள், இறங்கினார்கள். தூரத்தில் ஈனமாகக் கேட்கிறது என்று அக்கா சொன்னது எனக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. அது நான் சொல்கிற வார்த்தை. பக்கத்து ஊரில் ஊதுகிற மாதிரி இருக்கிறது என்று இத்தனை வருஷமாகச் சொன்னவள் நான்தானே. கிடார் கணீரென்று கேட்கிறது என்று சொன்னவளும் நான்தான்.

அக்காவின் காதில் இருந்ததைப் பிடுங்கி என் காதில் வைத்தேன். அதே பாட்டை மறுபடி போட்டேன். அங்கே இருந்தது என் கிடார். விரல் ஓடுகிற அதே கிடார், சாக்ஸபோன் எங்கோ தூரத்தில்.

"அக்கா, காது போவல. நாம எடம் மாறி உக்காந்தோம் இல்ல? சாக்ஸபோனு வலது பக்கத்து ஒயர்லதான் நல்லா வருது. இவ்வளவு நாளு அது உங்க காதுல இருந்துச்சு, எனக்கு வரல. இப்ப எனக்கு வந்துடுச்சு, உங்களுக்கு வரல. அவ்வளவுதான்."

அவர் நம்பவில்லை. கணக்கு டீச்சர், நிரூபித்தால்தான் நம்புவார். வலது காதுக்குச் செய்ததை எடுத்து அவருடைய இடது காதில் வைத்தேன். நிற்காமல் நழுவியது. விரலால் பிடித்துக்கொண்டேன். இன்னொன்றை என் காதில் எப்படியோ சொருகிக்கொண்டு, பாட்டை இரண்டாவது சரணத்துக்குத் தள்ளினேன். விக்கிரவாண்டி வந்துகொண்டிருந்தது. அக்கா கண்ணை மூடவில்லை, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் தோள் மெல்ல இறங்கியது.

"வந்துட்டான்" என்றார்.

இரண்டு பேரும் அழுதோம். பிறகு அவருக்கு ஏதோ தோன்றியது. "உனக்கு?"

"கிடாருதான்கா. எப்பவும் போல."

"ஐயோ, அப்ப இத்தினி வருசமா நீ அதக் கேக்கவே இல்லையாடி? கேக்காமயா என்கூட சண்ட போட்டுக்கினு இருந்த?" அவர் காது போனதற்குக்கூட அவ்வளவு வருத்தப்பட்டு நான் பார்த்ததில்லை. "இரு, நான் சொல்றேன், கேளு" என்றவர், சாக்ஸபோன் போகிற போக்கிலேயே வாயால் பாட ஆரம்பித்தார்.

ஒரு காது கேட்காதவர்களுக்குத் தங்கள் குரல் எவ்வளவு உயர்ந்துவிட்டது என்று தெரியாது. லேடீஸ் பெட்டி முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அவித்த மல்லாட்டைக் கடலை விற்கிற அம்மா கூடையைப் பிடித்தபடி நின்றுவிட்டார். மெல்ல பாடுங்கள் என்று நான் சொல்லவில்லை.

அன்று சாயங்காலம் அக்காவின் மகன் போனில் விளக்கினானாம். அந்தக் காலத்து ரெக்கார்டிங்கில் சில வாத்தியங்களை ஒரு பக்கம், சிலவற்றை இன்னொரு பக்கம், குரலையும் டிரம்ஸையும் நடுவில் வைத்துவிடுவார்களாம். இரண்டு பக்கத்தையும் ஒன்றாகக் கலந்து தருகிற வசதி போனிலேயே இருக்கிறதாம், ஒரு பட்டனை அழுத்தினால் போதுமாம்.

"அழுத்திட்டீங்களாக்கா?" என்று மறுநாள் கேட்டேன்.

"எதுக்கு? நான் பாடறது நல்லா இல்லையா?"

உண்மையைச் சொன்னால் நன்றாக இல்லை. அக்காவுக்குச் சுருதி சேராது. இப்போதும் தினமும் நான் ஜன்னலில் உட்கார்ந்து, நழுவாமல் இருக்க அவர் காதில் ஒரு விரலை வைத்துக்கொண்டு, இரண்டாவது சரணம் முடியக் காத்திருக்கிறேன். அவர் என் தொடையில் தட்டுகிறார். அந்தப் பட்டன் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். நானும் அழுத்தவில்லை.