நான் அழித்த குரல் பதிவு

என் கையெழுத்து கோணலாக இருக்கும், எழுத்துப் பிழையும் இருக்கும். ஐந்தாவது வரைதான் படித்தேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வருடம் மழை ஓய்ந்த சமயம். முடிச்சூரில் எங்கள் தெருவுக்குத் தண்ணீர் கேன் போடுகிறவன் நான். ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராய்ச்சி செய்யும் கல்லூரிப் பெண் ஒருத்தி தாள்களோடு வீட்டுக்கு வந்தாள். மழை நேரத்தில் ஜனங்கள் வாட்ஸ்அப்பில் எப்படிப் பேசிக்கொள்கிறார்கள் என்று எழுதுகிறாளாம். எங்கள் தெரு குரூப்பில் அவளும் இருந்திருக்கிறாள், எனக்குத் தெரியாது.

"நீங்க பேசினதும் இதுல இருக்குண்ணா. அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி காட்டணும்னு தோணுச்சு" என்று சொல்லிவிட்டுப் படித்தாள்.

'எல்லாரும் தமிழ இங்கிலீஷ் எழுத்துல போட்டா எனக்கு இன்னா புரியும்? தண்ணி வூட்டுக்குள்ள வந்துகினு கீது. யாராச்சும் வாயால சொல்லுங்கப்பா.'

எனக்கு முகம் சூடாகிவிட்டது. வெட்கப்பட்டு அன்றே நான் அழித்த பதிவு அது. மகளுக்கு வரன் பார்க்கிற நேரம். அப்பாவுக்குப் படிப்பு இல்லை என்ற பேச்சு வந்துவிடுமோ என்று பயம்.

"அத்த அழிச்சிட்டனேம்மா?"

"அதுக்குள்ள எழுதி வெச்சுட்டேன். ஆனா பேர் போடலண்ணா. 'தண்ணி கேன் போடுறவர்'னுதான் இருக்கு."

"தெருவுக்கே கேன் போடறது நான் ஒருத்தன்தான்."

"போட்டோவும் சேத்து போடச் சொல்லு" என்றாள் உள்ளேயிருந்து என் மனைவி.

அந்தப் பெண் தவித்துப்போனாள். "சேர்ந்த அன்னிக்கே குரூப்ல சொன்னேண்ணா, ஆராய்ச்சிக்கு வந்திருக்கேன், வேணாம்னா சொல்லுங்கன்னு. யாருமே வேணாம்னு சொல்லல."

எனக்குக் கோபத்தைவிட ஆவல்தான் அதிகம். "எந்த எழுத்துல போட்ட?"

போனில் தேடி எடுத்தாள். அதுவும் இங்கிலீஷ் எழுத்துதான்.

அவள் பேனா எடுத்து அந்தப் பத்தியையே அடித்துவிட்டாள். பிறகு அங்கேயே உட்கார்ந்து, தான் யார், எதற்காக வந்தாள் என்று வாயால் பேசி குரூப்புக்கு அனுப்பினாள். சாயங்காலத்துக்குள் இரண்டு வீட்டுக்காரர்கள் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். நான் மட்டும் மறுநாள் போன் செய்து, "கேன் போடறவர்னு இருக்கறத மட்டும் எடுத்துடும்மா, பேச்சு இருக்கட்டும்" என்றேன். கேட்டாளே, அதற்காகக் கொடுத்தேன்.

மகள் கல்யாணம் முடிந்துவிட்டது, அதனால் இன்று நானே எழுதுகிறேன். இப்போதெல்லாம் ஒருவர் பேச்சை இன்னொருவருக்கு அனுப்பும் முன் அவரிடம் கேட்கிறேன். பதில் வராவிட்டால் சரி என்று எடுத்துக்கொள்வதில்லை, கேள்வியே அவருக்குப் போய்ச் சேராமல் இருக்கலாம் அல்லவா?

ஜூன் 14, ஞாயிறு.