டைனமோ நின்ற பிறகும் உதைத்த கம்பி

கொல்லிமலைக் காப்பித் தோட்டமொன்றில் என் வீட்டுக்காரர் டைனமோ மேஸ்திரி. துரை பங்களாவிலிருந்து காப்பிக் கொட்டகை வரை, கைக்கு எட்டும் உயரத்தில் ரப்பர் சுற்றிய மின்கம்பி போகிறது. இந்த மூடுபனியில் துணி எங்கே காய்கிறது? டைனமோ நின்றிருந்தால் அந்தக் கம்பிதான் அப்போதெல்லாம் எங்களுக்குத் துணிக்கொடி.

சென்ற ஐப்பசியில் பங்களா விளக்குகள் மங்கி மங்கி எரிந்தன. ரப்பரில் பழுதா என்று பார்க்க இவர் டைனமோவை நிறுத்தினார். கைப்பிடியைச் சுழற்றும் சோதனைப் பெட்டியைக் கொட்டகைப் பக்கம் கம்பியில் மாட்டினார். அது எனக்குத் தெரியாது. டைனமோ சத்தம் அடங்கியதும் ஈரச் சேலையோடு போய்க் கம்பியைப் பிடித்தேன். அவ்வளவுதான், யாரோ எட்டி உதைத்ததுபோல் சேற்றில் விழுந்து கிடந்தேன்.

அலறல் கேட்டு ஓடிவந்தார்.

“ஏனுங்க, டைனமோதான் நின்னு போச்சுங்களே! கரண்டு எங்கிருந்து வந்துச்சு?”

“ஐயோ புள்ள, நான் சுத்துன பொட்டியே கரண்டு போடுமே! எத்தனை சுத்தியும் பழுது எங்கேன்னுதான் தெரியல.”

“இதா, இங்கதானுங்க!”

நான் பிடித்த இடத்தில் ரப்பர் வெடித்து, செம்பு பல்லிளித்தது.

அன்று மாலையே விளக்குகள் பளிச்சென்று எரிந்தன. பழுதைக் கண்டுபிடித்தது யாரென்று தோட்டம் முழுக்கத் தெரியும்!

இப்போது துணிக்கு மூங்கில் நட்டுத் தனிக் கொடி கட்டிவிட்டோம். சோதனை நாளில் கம்பி நெடுக நடந்து ஆட்களை விலக்குவது நான்தான். சுழற்றி முடித்ததும் கம்பியை மண்ணோடு இணைத்து, மிச்ச மின்சாரம் இறங்கிய பிறகே தொடுகிறோம். துரையே வந்து நின்றாலும் சரி, நான் “சுத்துங்க” என்று சொல்லாமல் அந்தக் கைப்பிடி சுழலாது.