தலையில்லாத ஒற்றை ரூபாய்

இது நடந்தது. நள்ளிரவில் அல்ல; நாய்கள் ஊளையிடவும் இல்லை. இண்டூரில், பங்குனி வெயில் உச்சந்தலையைப் பிளக்கும் நண்பகலில் நடந்தது. இதனைப் புனைவு என எண்ணுவோர் நேரில் வந்து சசிகலாவிடமே கூறிப் பார்க்கலாம். அவள் கையில் துடைப்பம் இல்லாத வேளையாகப் பார்த்து வருதல் நலம்.

சசிகலாவின் கணவர் சந்திரமோகன், பேருந்து நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவர். தருமபுரிக்கும் ஒகேனக்கல்லுக்கும் இடையே ஓடியே ஆயுளைக் கழித்த அவருக்கு நாணயம் சேர்ப்பது ஒன்றே பித்து. தோற்பையில் விழும் சில்லறையுள் அரிய காசு ஒன்று கண்ணில் பட்டால் எடுத்துக்கொள்வார். எடுத்த கணமே தம் சட்டைப்பையிலிருந்து அதே மதிப்புள்ள காசு ஒன்றைப் பைக்குள் போட்டுவிடுவார். ஒன்றை எடுத்தால் ஒன்றை வைக்க வேண்டும் என்பது அவரது நெறி. அதில் அவர் ஒருநாளும் தவறியதில்லை. அவ்வாறு சேர்ந்த காசுகள் ஆல்பம் ஆல்பமாக இரும்புப் பீரோவை நிறைத்திருந்தன.

அவற்றுள் மிக அரியது ஓர் ஒற்றை ரூபாய். அச்சடிக்கையில் நேர்ந்த பிழையால் அதன் இரு பக்கங்களிலும் பூவே இருந்தது. சிங்கத் தலை இல்லை. வீட்டார் அதனைத் தலையில்லாத காசு என்பர்.

மகள் பூவிழிக்கு இருமுறை கரு கலைந்தது. சேலத்தில் வைத்தியம் பார்க்கப் பணமின்றி நின்றபோது, அந்தக் காசை விற்கும்படி சசிகலா மன்றாடினாள்.

“ஒண்ணு போனா செட்டே போச்சு” என்றார் சந்திரமோகன். அன்று அவள் நெஞ்சில் மூண்ட சினம், மாசி மாதக் கடைசியில் அவர் மாரடைப்பால் இறந்த பின்னரும் தணியவில்லை. அப்போது பூவிழி மூன்றாம் முறையாகக் கருவுற்று ஏழு மாதம்.

பிணத்தின் நெற்றியில் ஒட்ட ஒற்றை ரூபாய் கேட்டார்கள். கூடியிருந்தோர் அனைவரும் சட்டைப்பையைத் தடவினர். கைப்பேசியிலேயே பணம் செலுத்திப் பழகிய கூட்டம். ஒருவரிடமும் ஒரு காசு இல்லை. பாடை கட்டியாயிற்று. மேளம் முழங்குகிறது. இறந்தவரின் தம்பி மாது உள்ளே ஓடிப் பீரோவைத் திறந்தான். கைக்கு அகப்பட்ட ஒற்றை ரூபாயை எடுத்து வந்து, சந்தனம் குழைத்து அண்ணனின் நெற்றியில் ஒட்டினான். காசோடு புதைத்தார்கள்.

கருமாதி முடிந்த பின், சேலத்திலிருந்து வந்த நாணய வியாபாரிதான் ஆல்பத்தில் இருந்த வெற்றிடத்தைக் காட்டினார்.

“இந்த எடத்துக் காசோட குடுத்தீங்கன்னா மூணு லட்சங்க. இல்லாட்டி எல்லாத்துக்கும் சேத்து அறுபதாயிரம்.”

பூவிழிக்குக் குறைமாதத்திலேயே அறுவை செய்ய நேரலாம், குழந்தையைப் பல நாள் கண்ணாடிப் பெட்டியில் வைக்க நேரலாம் என மருத்துவர் எச்சரித்திருந்தார். அந்த மூன்று லட்சத்தைச் சசிகலா மனத்தளவில் மருத்துவமனையில் கட்டியே விட்டிருந்தாள்.

“ஏன் மாது, உனக்குக் கண்ணு பொடனியிலயா இருக்குது? பீரோ பூரா காசு கெடக்க, அதா உன் கையில மாட்டுச்சு?”

“ஒத்த ரூபான்னாங்க, ஒத்த ரூபா எடுத்தேன் அண்ணி. அதுல பூ இருந்தா என்ன, பூசணிக்கா இருந்தா என்னன்னு...”

“பூசணிக்கா! உன் தலையில ஒடைக்கணும்.”

“இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போவலீங்க அண்ணி. ரெண்டு ஆளு, ஒரு மம்பட்டி. தோண்டிரலாமுங்க.”

“நாக்க அறுத்துப்புடுவேன்.”

அவனை ஏசித் தீர்த்த பின்னும் சினம் மிஞ்சி நின்றது. அதற்கு உரியவர் இடுகாட்டில் இருந்தார். தருமபுரிச் சாலையோரத்து இடுகாட்டுக்கு உச்சிவெயிலில் நடந்து சென்று, மண்மேட்டின் தலைமாட்டில் நின்றாள்.

“உசுரோட இருந்த மட்டும் ஏங்க, வாங்கன்னேன். இனி என்ன மரியாத? யோவ்! கேட்டப்பவுந்தான் குடுக்கல. செத்தும் நெத்தியில ஒட்டிக்கிட்டுப் போயிட்டியே. குடுய்யா, எம்புள்ள காச!”

இலையும் அசையவில்லை. காறித் துப்பிவிட்டுத் திரும்பினாள்.

மறுநாள் நண்பகல். பூவிழி உள்ளறையில் உறங்கினாள். சசிகலா அடுப்படியில் களி கிண்டிக்கொண்டிருந்தாள்.

டிக்... டிக்... டிக்...

இரும்பில் காசு தட்டும் ஓசை. கூட்டம் நெரியும் பேருந்தில், பயணச்சீட்டு வாங்காதவரை அழைக்க நடத்துநர் கம்பியில் தட்டுவாரே, அந்த ஓசை.

வாசற்கதவில் எவரும் இல்லை. ஓசை வீட்டினுள்ளிருந்து வந்தது.

பீரோவிலிருந்து.

பூட்டு பூட்டியபடியே இருந்தது. சாவி அவள் இடுப்பில் இருந்தது. திறந்தாள்.

ஆல்பத்தின் வெற்றிடம் நிரம்பியிருந்தது. இரு பக்கமும் பூ. ஒரு பக்கத்தில் காய்ந்த சந்தனம். விளிம்பில் ஈரமண். அந்தக் கோடையில் ஊரில் எங்கும் ஈரமண் இல்லை...

அவள் அஞ்சவில்லை. “இப்பத்தான் காது கேட்டுச்சாக்கும்?” என்று பீரோவைப் பார்த்துக் கேட்டாள்.

மாது வந்து பார்த்தான். முகம் சிவந்தது. “நீங்களே ஒளிச்சு வெச்சுக்கிட்டா என்னைய நாயாட்டம் ஏசுனீங்க?”

“ஆமா, உன்னைய ஏசறதுக்குக் காரணம் வேற தேடணுமாக்கும். அந்தாளுக்குப் போனப் போடு.”

வியாபாரி வெள்ளிக்கிழமை வருவதாகக் கூறினார்.

வெள்ளிக்கிழமை வந்தது. சசிகலா விளக்கேற்றினாள். சாமி படத்தின் அடியில் மஞ்சள் துணி முடிச்சு ஒன்று இருந்தது. பூவிழிக்கு நல்லபடியாகப் பிறக்க வேண்டுமெனத் தீர்த்தமலை ஈசுவரனுக்கு முடிந்து வைத்த ஒற்றை ரூபாய் அது. வேண்டுதல் நிறைவேறும் வரை அவிழ்க்கலாகாது. நாள்தோறும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வாள்.

அன்றும் தொட்டாள்.

துணி தட்டையாக இருந்தது.

முடிச்சு, அவள் போட்டது போட்டபடியே. உள்ளே காசு இல்லை.

ஒன்றை வைத்தவர்... ஒன்றை எடுத்திருக்கிறார். ஒற்றை ரூபாய்க்கு ஒற்றை ரூபாய். ஆல்பங்களுக்கு வெளியே அந்த வீட்டில் இருந்த ஒரே காசு அதுதான்.

உள்ளறையில் பூவிழி அலறினாள்.

“அம்மா... ரத்தமாப் போவுதும்மா...”

மாது ஆட்டோவைக் கொண்டுவந்தான். பூவிழியை ஏற்றினார்கள். சசிகலா வெறும் முடிச்சை மகளின் கைக்குள் திணித்தாள். தலையில்லாத காசைத் தன் கைக்குள் இறுக்கிக்கொண்டாள்.

இடுகாடு வந்தது. “நிறுத்துப்பா!”

“அண்ணி, எங்க போறீங்க? அந்த யாவாரி தருமபுரியில எறங்கிட்டாருங்க! மூணு லட்சம் அண்ணி!”

அவள் ஓடினாள். மண்மேட்டில் மண்டியிட்டாள். மணிக்கட்டு மறையும் வரை கையை மண்ணுக்குள் செலுத்தினாள்.

“இந்தா, உன் காசு! நீயே கட்டிக்கிட்டு அழு! எம்புள்ளைக்கு முடிஞ்ச காச எடுத்த எடத்துல வையி. வையிய்யா!”

விரல்களைத் தளர்த்தினாள்.

காசு விழவில்லை.

வாங்கப்பட்டது.

கூட்டத்தில் நீளும் கையிலிருந்து நடத்துநர் வாங்குவது போல... உள்ளிருந்து... மெல்ல.

ஆட்டோவுக்கு ஓடி வந்தாள். பூவிழி வெளிறிய முகத்தோடு தன் கையையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அம்மா... முடிச்சு கனக்குதும்மா.”

சசிகலா துணியைத் தடவினாள். உள்ளே வட்டமாக ஒரு காசு. முடிச்சு அவிழவே இல்லை. மருத்துவமனையை அடையுமுன் குருதி நின்றுவிட்டது.

எஞ்சிய நாணயங்கள் அனைத்தும் அறுபதாயிரத்துக்குச் சேலம் சென்றன. பூவிழி நிறைமாதத்தில் அரசு மருத்துவமனையில் பெண் குழந்தையை ஈன்றாள். கண்ணாடிப் பெட்டி தேவைப்படவில்லை. குழந்தையோடு தீர்த்தமலை ஏறி, முடிச்சை அவிழ்க்காமல் துணியோடு உண்டியலில் போட்டார்கள். அத்தோடு கணக்குத் தீர்ந்தது எனச் சசிகலா கருதினாள். கணவரை ஏசுவதை மட்டும் நிறுத்தவில்லை.

அடுத்த ஆண்டு சாலையை அகலப்படுத்தினார்கள். ஓரத்துக் குழிகளில் இருப்போரை அவரவர் உறவினர் எடுத்து உட்புறமாகப் புதைத்துக்கொள்ளலாம் என அறிவித்தார்கள். சசிகலாவும் மாதுவும் சென்றார்கள். குழி வெட்டுபவர் மண்ணை வாரி ஒதுக்கினார். எலும்புகள் தெரிந்தன. மண்டையோடு தெரிந்தது.

அதன் நெற்றியில் ஒரு காசு இருந்தது.

“அட, நம்ம காசுங்க அண்ணி!” மாது குழிக்குள் குனிந்தான். துண்டால் மண்ணைத் துடைத்தான். துடைத்த கை அப்படியே நின்றது.

பூ இல்லை. சிங்கத் தலை இருந்தது. யாவரும் கையாளும் சாதாரண ஒற்றை ரூபாய். விளிம்பெங்கும் மஞ்சள் தோய்ந்திருந்தது. நேற்றுத் தோய்த்தது போல மங்காதிருந்தது. மஞ்சள் துணியின் இழை ஒன்று அதில் ஒட்டியிருந்தது.

அப்படியானால் உண்டியலில் விழுந்தது தலையில்லாத காசு. எவர் கேட்டும் கொடாத காசை, பேத்திக்காக அவரே முடிச்சுக்குள் வைத்திருக்கிறார்.

பேத்தியின் உயிருக்கென முடிந்த காசை... தம் நெற்றியில் வைத்துக்கொண்டிருக்கிறார்.

காப்பதற்கா? அழைத்துக்கொள்வதற்கா?

மாது கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான். “எ... எடுத்துரட்டுமாங்க?”

“தொடாத.”

எலும்புகளைப் புதுக்குழியில் அடுக்கினார்கள். காசு இருந்த இடத்திலேயே இருந்தது. மண்ணைத் தள்ளப் போனவரைச் சசிகலா கையமர்த்தி நிறுத்தினாள். விளிம்பில் குந்தினாள். அந்த நெற்றியை நோக்கி, அடுத்த வீட்டுக்காரியை எச்சரிப்பது போலக் கூறினாள்:

“கொழந்த இப்பத்தான் தத்தித் தத்தி நடக்குது. அதுக்கு ஒரு தும்மல் வந்தாலும் உன்னையத் தோண்டிருவேன். தெரிஞ்சுக்க.”