பெரட்டு நேரத்துக் கூடைப்பந்து

1. வயரைப் பிடுங்குதல்

முதலாளி காலைப் பத்திரிகையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு படியேறி வந்தபோதே, ஏதோ ஒரு சேனலுக்கு ஆயுள் முடிந்தது என்று தெரிந்துவிட்டது.

"பாத்தியா? அமெரிக்காவுல டீவீல பாஸ்கட்போல் பாக்குற கூட்டம் கொறஞ்சு போச்சாம். பெரிய ஆட்டக்காரன் ஒருத்தன் வெலகிட்டானாம், அதுக்கப்புறம் யாரும் பாக்குறதில்லையாம். அமெரிக்காக்காரனே பாக்கல, லிந்துலக்காரன் பாப்பானா?"

நான் கொழும்பில் ஒரு பத்திரிகையில் புரூஃப் பார்த்துவிட்டு ஊர் திரும்பியவன். அதனால் அச்சில் வந்த எதையும் முதலாளி என்னிடம் காட்டி உறுதிப்படுத்திக்கொள்வார்.

"செய்தி சரிதானே?"

"எழுத்துப் பிழை இல்லீங்க."

மலையகத்தில், லிந்துலை பஜாரில் ஒரு மாடியறையில் எங்கள் கேபிள் நிலையம் இருந்தது. கூரையில் டிஷ், உள்ளே ரிசீவர் பெட்டிகள். ஒரு பெட்டி ஒரு சேனலைத்தான் எடுக்கும். புதிதாக ஒரு தமிழ் சீரியல் சேனல் வந்திருந்தது. ஊரே கேட்டது. எங்களிடம் பெட்டி இல்லை. ஆகவே ஒரு சேனல் சாக வேண்டும்.

பார்வையாளரை அளக்க எங்கள் தொழிலில் ஒரே முறைதான் உண்டு. வயரைப் பிடுங்கிவிட்டு டெலிபோன் பக்கத்தில் உட்கார வேண்டும். சீரியலைப் பிடுங்கினால் தேத்தண்ணி ஆறுவதற்குள் மணி அடிக்கும். கிரிக்கெட்டைப் பிடுங்கினால் மணி அடிக்காது, ஆளே வந்துவிடுவார். கூடைப்பந்தைப் பிடுங்கினோம். டெலிபோன் தூங்கியது. மறுநாள் ஒரு அழைப்பு வந்தது. ராங் நம்பர்.

நியாயமாகப் பார்த்தால் அமெரிக்காவின் இரவு நமக்குக் காலை. நேரடி ஆட்டம் வரும்போது தேயிலைத் தோட்டம் முழுவதும் பெரட்டுக் களத்தில், கங்காணி முன்னால், அன்றைய வேலைக்குப் பேர் கொடுக்க நிற்கும். அந்த நேரத்தில் வீட்டில் யார் இருக்கிறார்கள்?

பெட்டியில் சீரியலை ஏற்றினோம்.

2. பனி

ஒரு மழை மதியம், குடையை வாசலில் உதறிவிட்டு ஒரு கன்னியாஸ்திரி உள்ளே வந்தார். பக்கத்துக் கன்னியர் பாடசாலையில் விளையாட்டுக்குப் பொறுப்பான சிஸ்டர் மெற்றில்டா. யாழ்ப்பாணத்துக்காரர்.

"தம்பி, பனி எப்ப விடும்?"

"எந்தப் பனிங்க சிஸ்டர்?"

"உங்கட டிஷ்ஷில விழுற பனி. ஒரு கிழமையா பாஸ்கட்போல் வரேல்லையே."

அப்போதுதான் எங்கள் அளவையில் உள்ள ஓட்டை தெரிந்தது. அம்ப்ளிபயர் எரிந்தாலும், எலி வயரைக் கடித்தாலும், நாங்களே தூங்கிவிட்டாலும், கேட்பவர்களுக்கு "பனி" என்றுதான் சொல்வோம். மலையில் அதை யாரும் மறுக்க முடியாது. அப்படியே ஊரைப் பழக்கிவிட்டோம். படம் போனால் கோபப்படாமல் வானத்தைப் பார்ப்பார்கள். சிஸ்டரும் ஒரு வாரமாக வானத்தைப் பார்த்திருக்கிறார்.

"ஒரு ஃபோன் பண்ணியிருக்கலாமே சிஸ்டர்?"

"ஃபோன் மதரின்ர மேசையில இருக்கு. அந்தப் பெடியங்கள் கையில்லாத உடுப்போட ஓடுறதை நாங்கள் பாக்கிறம் எண்டு தெரிஞ்சால், மதர் டீவியையும் விப்பா, என்னையும் யாழ்ப்பாணத்துக்கு அனுப்புவா."

விஷயம் இதுதான். பாடசாலையில் பெண்பிள்ளைகளின் கூடைப்பந்து அணி இருந்தது. பயிற்றுவிக்க ஆள் இல்லை. டெலிவிஷன்தான் கோச். நுவரெலியாவில் பெரிய பாடசாலை ஒன்றோடு ஆட்டம் வரப்போகிறது. தோற்றால் அந்தக் கோர்ட்டைக் கொத்தி லீக்ஸ் பயிர் போடப்போவதாக மடத்துத் தலைவி மதர் சொல்லிவிட்டார். மண் கோர்ட். பக்கத்திலேயே தண்ணீர்க் குழாய்.

முதலாளி தலையைச் சொறிந்தார். "ஒலகமே பாக்காத ஆட்டத்த ஒங்க ஒருத்தருக்காகப் போடச் சொல்றீங்களே சிஸ்டர்."

"உங்கட மகள் எங்கட நாலாம் வகுப்பில கெட்டிக்காரி" என்றார் சிஸ்டர்.

முதலாளி எழுந்து நின்றார். "காலையில மட்டும் மாத்திக் குடுக்கச் சொல்றேங்க."

3. மாற்றிக் கொடுத்தது

மாற்றிக் கொடுப்பது என் வேலை. காலையில் பெட்டியைக் கூடைப்பந்துக்குத் திருப்ப வேண்டும். ஆட்டம் முடிந்ததும் சீரியலுக்கு. காலையில் சீரியல் சேனல் முதல்நாள் கதையைத் திரும்பப் போடும், அதை யார் பார்க்கப் போகிறார்கள் என்று நினைத்தோம். ஃபெக்டரியில் இரவு வேலை முடிந்து வந்தவர்கள், பிள்ளைக்காம்பராவில் பிள்ளை பார்க்கும் ஆயாக்கள், பஜார் கடைக்காரரின் மனைவிமார், எல்லாரும் பார்த்தார்கள். அதுவும் முதல்நாள் கதையில் கதாநாயகிக்குக் கல்யாணம்.

டெலிபோனை முதலாளி எடுத்தார்.

"பனிங்கக்கா. பனி."

அந்தப் பக்கக் குரல் எனக்கே கேட்டது. "பனியில எப்புடிண்ணே பத்துப் பேரு பந்தோட ஓடுறாங்க? தாலி கட்டுனானா இல்லையா, அதச் சொல்லுங்க!"

முதலாளிக்குத் தெரியும். அவரும் இரவு பார்த்திருந்தார். கட்டினான் என்று சொல்லிவிட்டு வைத்தார். அடுத்த அழைப்புக்கும் அதையே சொன்னார். ஆட்டம் இருந்த காலைகளில் எல்லாம் அவர் முதல்நாள் கதையைச் சுருக்கிச் சொல்லிக்கொண்டிருந்தார். சிலர் அவர் சொல்வது சீரியலைவிட நன்றாக இருப்பதாகச் சொன்னார்கள். அமெரிக்காவில் ஆள் குறைந்துகொண்டிருந்த அதே ஆட்டத்தை, லிந்துலையில் வேறு வழியில்லாமல் ஊரே பார்த்தது.

4. விசில்

ஆட்டத்துக்கு என்னையும் சிஸ்டர் வரச் சொன்னார். பிள்ளைகள் உயரமில்லை, ஆனால் பார்க்கப் பெரிய ஆட்டக்காரர்கள் போலவே இருந்தார்கள். கழுத்தைச் சொடுக்கினார்கள். உள்ளங்கையைத் தட்டிக்கொண்டார்கள். கேப்டன் புஷ்பராணி பந்தைப் பிடித்து, தட்டாமல் நீளமாக மூன்று எட்டு வைத்துப் பாய்ந்து கூடைக்குள் போட்டாள். நான் கைதட்டினேன். நடுவர் விசில் ஊதினார்.

பந்தோடு நடந்தது தப்பு. அடுத்த முறையும் அப்படியே பாய்ந்தாள், அப்படியே விசில். அணி முழுவதும் அந்த எட்டை அப்படியே படித்து வைத்திருந்தது.

"டீவீல வுடுறாங்களே சேர்!" என்றாள் புஷ்பராணி.

"அப்ப டீவீல போய் வெளையாடு" என்றார் நடுவர்.

தோற்றார்கள். திரும்பும் பஸ்ஸில் யாரும் உள்ளங்கையைத் தட்டிக்கொள்ளவில்லை. சிஸ்டர் ஜன்னல் பக்கம் திரும்பியே இருந்தார்.

அடுத்த வாரம் நிலையத்துக்கு வந்தார்.

"காலையில இனி மாத்த வேண்டாம், தம்பி."

"மதர் லீக்ஸ் போட்டுட்டாங்களா?"

"பாதியில போட்டிட்டா. மற்றப் பாதியை அழுது வாங்கியிருக்கிறன். ஒரு கூடை போதும், பழகலாம். விதிப் புத்தகம் எடுப்பிச்சிருக்கிறன். உங்கட அமெரிக்கரைப் பார்த்தால் பிள்ளையள் திரும்பவும் நடக்குங்கள்."

அவர் போனதும் முதலாளி மேசையைத் தட்டினார். "பாத்தியா? பேப்பர்ல போட்டது சரிதான். இப்ப யாருமே பாக்கல."

எண்ணிக்கை சரி. காரணம்தான் பேப்பரில் வந்ததல்ல. எந்த நட்சத்திரம் விலகினார் என்று எங்கள் கடைசிப் பார்வையாளரான சிஸ்டருக்குத் தெரியாது. நுவரெலியாவில் ஊதிய விசில்தான் அவரை விரட்டியது. இப்போது இந்தத் தொழிலில் இருக்கும் பிள்ளைகள் கம்ப்யூட்டரில் எண்ணுகிறார்கள். எத்தனை பேர் போனார்கள் என்பதை அது சொல்லும். ஏன் போனார்கள் என்று சொல்ல, சிஸ்டர் மாதிரி மழையில் நடந்து வருகிறவர்கள் குறைவு. மற்றவர்களிடம் நாம்தான் செருப்பை மாட்டிக்கொண்டு மேடேறிப் போய்க் கேட்க வேண்டும்.