கைராசிக்காரர் வைத்த சர்க்கரைத் தண்ணீர்

டாக்டர் அமலதாஸ் இறந்துவிட்டார் என்ற செய்தி கைப்பேசியில் வந்தபோது, நான் வார்டில் ஒரு குறைமாதக் குழந்தைக்கு மூக்குக் குழாய் பொருத்திக்கொண்டிருந்தேன். வேலையை முடித்துவிட்டுத்தான் படித்தேன். "கைராசிக்காரர் மறைந்தார், புதுச்சேரிக் குழந்தைகள் அநாதையாயின" என்று யாரோ உருகியிருந்தார்கள். அநாதையான குழந்தை எதுவும் என் கண்ணில் படவில்லை. அதனதன் அம்மாக்கள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள்.

அவரோடு அதே குழந்தைகள் பிரிவில் மருத்துவராக இருந்தவள் என்பதால் நினைவு மலருக்கு ஒரு பக்கம் கேட்டிருக்கிறார்கள். அவரை அறிந்த உங்களிடம் நான் எதற்குப் பொய் சொல்ல வேண்டும்? எனக்கு அவர்மேல் மரியாதை இருந்ததில்லை. கெட்டவர் என்று சொல்லவும் மாட்டேன். கெட்டவராக இருப்பதற்கும் கொஞ்சம் உழைக்க வேண்டும்.

காலையில் "போன்ழூர்" என்று சொல்லிக்கொண்டே வார்டுக்குள் நுழைவார். அவருடைய பிரெஞ்சு அதோடு சரி. பேரனைப் பார்க்க வந்த, பிரெஞ்சு அரசின் பென்ஷன் வாங்கும் பெரியவர் ஒருவர் ஒருநாள் மகிழ்ந்துபோய் நாலு வாக்கியம் பதில் பேசிவிட்டார். நம்மவர் உடனே ஸ்டெதஸ்கோப்பைக் காதில் மாட்டிக்கொண்டு அந்தக் குழந்தையை வெகுநேரம் பரிசோதித்தார். அவர் அவ்வளவு கவனமாக ஒரு குழந்தையைப் பார்த்ததை நான் கண்டது அன்றைக்குத்தான்.

ஆனால் ஊருக்கு அவர் கைராசிக்காரர். பிறந்த குழந்தையின் நாக்கில் முதல் சர்க்கரைத் தண்ணீரை யார் வைக்கிறார்களோ, அவர்கள் குணமும் ராசியும் குழந்தைக்கு வரும் என்பது நம் ஜனங்களின் நம்பிக்கை. உழவர்கரையிலிருந்தும் கடலூர் ரோட்டிலிருந்தும் சர்க்கரைப் பொட்டலத்தோடு அவரைத் தேடி வருவார்கள். அவர் ஒருவரையும் ஏமாற்றி அனுப்பியதில்லை. "புள்ளைக்கு வேணுங்கிறது கைம்மா, மெஷின் இல்ல" என்று என்னிடம் சொல்வார்.

மெஷின் என்று அவர் சொன்னது மூக்கு வழியாக மெல்லிய அழுத்தத்தில் காற்றை அனுப்பி, குறைமாதக் குழந்தையின் நுரையீரல் சுருங்காமல் பார்த்துக்கொள்ளும் கருவியை. அதில் இருக்கும் குழந்தைக்கு வயிறுவரை போகும் குழாயில்தான் பால் கொடுப்போம். சப்புவது, விழுங்குவது, மூச்சு விடுவது, இந்த மூன்றையும் இடறாமல் செய்ய அதற்கு இன்னும் தெரியாது. கொஞ்சம் தேறியதும் நான் பஞ்சில் தாய்ப்பாலைத் தொட்டு உதட்டில் வைத்து, அது என்ன செய்கிறது என்று பார்ப்பேன். அமலதாஸ் எட்டிப் பார்த்து, "என்னம்மா, ஹோமியோபதி ஆரம்பிச்சிட்டியா?" என்பார்.

உழவர்கரையில் டயர் கடை வைத்திருந்த செல்வத்துக்கு, இரண்டு குழந்தைகளை இழந்தபிறகு மூன்றாவது குழந்தை குறைமாதத்தில் பிறந்து அந்தக் கருவியில் இருந்தது. நான் அடுத்த தொட்டிலில் குனிந்திருந்தபோது அமலதாஸ் செல்வத்தையும் அழைத்துக்கொண்டு, பாலாடையில் சர்க்கரைத் தண்ணீரோடு வந்திருக்கிறார். "ரெண்டு சொட்டுதாம்மா" என்ற குரல் கேட்டுத் திரும்பினேன். பாலாடை சாய்ந்துவிட்டது, குழந்தை நீலம் பாரித்துவிட்டது. மூச்சு நின்றுபோயிருந்தது. அவரைத் தள்ளிவிட்டு, தொண்டையை உறிஞ்சிச் சுத்தம் செய்து, காற்றுப் பையை அழுத்தி மூச்சு கொடுத்தேன். ஒருவழியாகக் குழந்தை வீரிட்டது. அவர் செல்வத்தைப் பார்த்துச் சொன்னார்: "பாத்தியா, நம்ம கை பட்டதும் எப்படிக் கத்துறான்."

பிறகு அந்தப் பிள்ளை நிமோனியாவில் கிடந்து, தட்டுத்தடுமாறிப் பிழைத்தது. நடந்தது என்ன என்று செல்வத்திடம் பொறுமையாக விளக்கினேன். அவர் என்னை இரக்கத்தோடு பார்த்தார். "அவரு கை வைக்கலன்னா புள்ள அழுதே இருக்காது மேடம்" என்றார்.

நேராக அமலதாஸின் அறைக்குப் போனேன். நுரையீரலைப் பற்றி அவரிடம் பேசுவதில் பயனில்லை என்று தெரியும். "அடுத்த புள்ள உங்க கையில செத்துப்போச்சுன்னா உங்க கைராசி என்ன ஆகும்னு யோசிச்சீங்களா சார்?" என்று மட்டும் கேட்டேன். மனிதர் வெளுத்துப்போனார். குழந்தை நீலமானபோது இல்லாத கலவரம் அப்போது அந்த முகத்தில் இருந்தது.

மறுநாளிலிருந்து சர்க்கரையோடு வருகிறவர்களிடம் புதுக்கதை சொல்ல ஆரம்பித்தார். "மூக்குல குழாய் இருக்கிறப்ப வச்சா ராசி ஒட்டாது. குழாய எடுத்துட்டு, தாய்ப்பால நல்லா குடிக்க ஆரம்பிச்சப்புறம் கூப்புடுங்க, வந்துடுறேன்." இத்தனை காலம் நான் படம் வரைந்து சொன்னபோதெல்லாம் தலையை ஆட்டிவிட்டு, நான் திரும்பியதும் குழந்தை வாயில் ஊற்றியவர்கள், இதைக் கேட்டதும் பொட்டலத்தை மடித்துக்கொண்டு போனார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் வார்டில் அப்படி நீலமாகும் குழந்தைகள் குறைந்துபோனார்கள்.

அவரை அடக்கம் செய்த வாரம், தவளக்குப்பத்துக்காரர் ஒருவர் மூக்குக் குழாயோடு இருந்த மகளுக்குச் சர்க்கரைத் தண்ணீர் கலக்கிக்கொண்டு வந்தார். நுரையீரலிலிருந்து ஆரம்பித்தேன். அவர் பார்வை ஜன்னலுக்குப் போய்விட்டது. நிறுத்திவிட்டு, "குழாய் இருக்கிறப்ப வச்சா ராசி ஒட்டாதுன்னு பெரிய டாக்டர் சொல்லியிருக்காரு" என்றேன்.

"அப்படியா மேடம்? நல்லவேள சொன்னீங்க" என்று தண்ணீரைக் கைகழுவும் தொட்டியில் கொட்டினார்.

அந்தப் பெண் குழந்தை தேறி, அம்மாவிடம் நன்றாகப் பால் குடித்து வீட்டுக்குப் போயிற்று. போகும்போது அப்பா சுவரில் மாலையோடு தொங்கும் அமலதாஸின் படத்தைக் கும்பிட்டார். நான் அவரைத் திருத்தப் போகவில்லை. அடுத்த தொட்டிலுக்கும் அந்தப் பொய் வேண்டும். அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அது ஒன்றுதான்.